நலம் வேண்டி ஒரு பெயர்

எங்கள் மருத்துவமனையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மின்யாவிடம் மட்டும் வாயைக் கொடுக்காதே என்று. ஹெர்மினியா என்பது என் முழுப்பெயர், அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கும். இருபத்துமூன்று வருடமாக வெளிநோயாளிகள் பிரிவில் நர்ஸ். பயிற்சிக்கு வரும் பெண்கள் நோயாளியின் கோப்பை ஃபோனில் படம் பிடித்தால், ஃபோனைப் பிடுங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுவேன். படிக்கட்டில் யாராவது "ஏழாம் பெட்டுக்கு என்னவாம் தெரியுமா" என்று ஆரம்பித்தால் கீழேயிருந்தே கத்துவேன். எங்கள் ஃபோன் குழுவில் நோயாளியின் பெயர் போடக் கூடாது, நம்பர் மட்டும்தான் என்று சட்டம் கொண்டுவந்தவளும் நான். நோயாளிகளின் தகவலை எப்படிக் காப்பது என்று வருடத்துக்கு ஒரு முறை வகுப்பு நடக்கும். நடத்துவது யார்? நான்தான். மூன்று மணி நேரம், நடுவில் பிஸ்கட்.

அப்பேர்ப்பட்ட நான்தான் இந்த வேலையைச் செய்தேன். வேறு யாராவது செய்திருந்தால் தோலை உரித்திருப்பேன்.

மானாங் சியாங் சந்தையில் பட்சோய் கடை வைத்திருக்கிறார். மானாங் என்றால் எங்கள் ஊரில் அக்கா. கொன்சோர்சியா, சுருக்கமாக சியாங். இது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. இதை எழுதட்டுமா என்று போய்க் கேட்டபோது அவரே யோசித்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பெயர். "பேரை மாத்து, ஊரை மாத்து, பட்சோயை மட்டும் மாத்தாத. வேற எதையாவது விக்கிறேன்னு எழுதினா உன்னைச் சும்மா விட மாட்டேன்" என்றார். ஆகவே பட்சோய்தான். விடியும் முன்பே பன்றி எலும்பைக் கொதிக்கவிடுவார். அந்தச் சாற்றை நூடுல்ஸ் மேல் ஊற்றி, ஈரல் துண்டு போட்டு, பொரித்த பன்றித் தோலை நொறுக்கித் தூவிக் கொடுப்பார். ஐம்பத்தெட்டு வயது. கணவர் போய் ஆறு வருடம். ஒரே மகள் ரோஸ்வின் ஹாங்காங்கில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள்.

அந்த வெள்ளிக்கிழமை இலோயிலோ நகரத்திலிருந்து அவருடைய சோதனை முடிவு வந்தது. டாக்டர் அவரிடம் சொல்லும்போது நான் பக்கத்தில் நின்றேன். மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான், ஆனால் சீக்கிரமே பிடித்துவிட்டோம், அறுவை செய்தால் சரியாகும் என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். மானாங் சியாங் அழவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார், திறந்து மூடினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்ததும் அவர் என் கையைப் பிடித்தார். கரண்டி பிடித்துப் பழகிய கை, எலும்பு வலித்தது. என்னை அவர் இன்டாய் என்றுதான் கூப்பிடுவார், தங்கச்சி என்பது போல.

"இன்டாய், இது டாக்டருக்குத் தெரியும், உனக்குத் தெரியும். மூணாவதா தெரிய வேண்டியவ ரோஸ்வின். அவகிட்ட என் வாயாலதான் சொல்லணும்."

"இன்னைக்கே சொல்லிருங்களேன், மானாங்."

"வாய் வரமாட்டேங்குதே. ரெண்டு நாள் போகட்டும். அவ அப்பா செத்ததை அவளுக்கு யாரு சொன்னாங்க தெரியுமா? எவனோ ஒருத்தன் சவப்பெட்டியைப் படம் எடுத்து நெட்ல போட்டுட்டான். நான் ஃபோன் பண்றதுக்குள்ள அவ பார்த்துட்டா. பஸ்ல போயிட்டிருந்தாளாம். அத்தனை பேர் நடுவுல நின்னபடியே கத்தியிருக்கா. பாஷை தெரியாத எவளோ ஒருத்தி தண்ணி குடுத்தாளாம். இன்னொரு தடவை என் பொண்ணுக்கு அப்படி ஆகக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். மனதாரத்தான் பண்ணினேன்.

சனிக்கிழமை வேலை முடிந்து வாடகை ட்ரைசிக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மானாங் சியாங்கின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. எங்களுக்குச் செய்யத் தெரிந்தது ஒன்று உண்டே, பூசைக் கருத்துக் கொடுப்பது, அதாவது ஒருவர் பெயரைக் கொடுத்து அவருக்காகப் பூசையில் வேண்டச் சொல்வது. முன்பெல்லாம் எங்கள் தேவாலயத்தின் பங்கு அலுவலகத்துக்குப் போய் உறையில் எழுதிப் போட வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு எல்லாம் ஃபோனிலேயே. படிவத்தைத் திறந்தேன். யாருக்காக என்று ஒரு கட்டம். கொன்சோர்சியா என்று முழுப்பெயரையும் எழுதினேன். எதற்காக: நன்றி, பிறந்தநாள், இறந்தவர் ஆன்மா, நலம் வேண்டி. நலம் வேண்டி என்பதைத் தொட்டேன். அடுத்து ஒரு கட்டம், கூடுதல் விவரம்.

விட்டுவிட்டுப் போயிருக்கலாம். கட்டாயம் இல்லை. ஆனால் நான் நர்ஸ் ஆயிற்றே! எங்கள் வேலையில் காலிக் கட்டம் என்றால் குற்றம். காய்ச்சல் பார்க்கவில்லையா, ஏன் பார்க்கவில்லை என்று எழுது. மலம் கழிக்கவில்லையா, கழிக்கவில்லை என்று எழுது. இருபத்துமூன்று வருடப் பழக்கம். காலிக் கட்டத்தைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். "மார்புப் புற்றுநோய், அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கிறார்" என்று தட்டி அனுப்பினேன்.

சத்தியத்தை மீறியதாக ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. யாரிடம் சொன்னேன்? கடவுளிடம்தானே. அன்று நிம்மதியாக மீன் பொரித்துச் சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை ஆறரை மணி. பூசைக்குக் கிளம்பி, தலையில் கொண்டை ஊசியைச் செருகிக்கொண்டிருந்தபோது ஃபோன் டிங் என்றது. பங்கிலிருந்து செய்தி. "உங்கள் கருத்து ஏற்கப்பட்டது. இன்று காலை 7.30 பூசையில் வாசிக்கப்படும், நேரலையிலும் காட்டப்படும். முழுப் பட்டியல் நம் பங்கின் இணையப் பக்கத்தில்."

நேரலை. அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் கொண்டை ஊசியைக் கீழே போட்டேன்.

ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை ரோஸ்வினுக்கு விடுமுறை. எங்கள் ஊர்ப் பெண்கள் அங்கே ஒரு பூங்காவில் கூடுவார்கள். அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து உட்கார்ந்து, ஒரே ஃபோனை நடுவில் வைத்து, எங்கள் பங்கின் ஏழரை மணிப் பூசையைப் பார்ப்பார்கள். ஒரு வாரம் தவற மாட்டார்கள். சாமியார்கூட "ஹாங்காங்கில் இருக்கும் நம் பெண்களே" என்றுதான் பிரசங்கத்தை ஆரம்பிப்பார்.

பங்கின் பக்கத்தைத் திறந்தேன். பூ வரைந்த ஓரத்தோடு அழகான படம். முப்பத்தாறு பெயர்கள். பத்தொன்பதாவது வரியில் மானாங் சியாங், பக்கத்திலேயே வியாதி, நான் தட்டியது தட்டியபடி. நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கே போட்டிருக்கிறார்கள். கீழே பதினான்கு இதயங்கள். கும்பிடும் கை ஒன்று. கும்பிட்டவள் பெயர் ஜெர்லின். ஹாங்காங்கில் ரோஸ்வினோடு அதே அட்டையில் உட்காருகிறவள்!

அட பாவி, அட பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு, பாதிக் கொண்டையோடு தெருவுக்கு ஓடினேன்.

பங்கு அலுவலகத்தில் ரினா இருந்தாள். அவள்தான் பங்கின் செயலாளர். பார்த்தால் பால் வடியும் முகம், விதி என்று வந்துவிட்டால் இரும்பு.

"ரினா, அந்தப் படத்தைத் தூக்கு. பத்தொன்பதாவது பேரை எடு. வாசிக்கிறவர் கையில இருக்கிற தாளையும் வாங்கு. சீக்கிரம்!"

"காலை வணக்கம், மானாங்."

"வணக்கமெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்!"

அவள் திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டே, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் சொன்னாள். "எடுக்கலாம். ஆனா சம்பந்தப்பட்டவங்க கையெழுத்துப் போட்ட கடிதம் வேணுமே."

"என்னது?"

"போன வருஷம் என் சொந்த அம்மாவோட ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வாங்க வந்தேன். அம்மா கையெழுத்து எங்கன்னு கேட்டு, கொட்டுற மழையில திருப்பி அனுப்பினது யாரு?"

"நான்தான்."

"பெத்த அம்மாவாச்சே மானாங்னு கெஞ்சினேன். தகவல் நோயாளியோட சொத்து, உன் சொத்து இல்லன்னு சொன்னீங்க. பத்துப் பேர் முன்னால."

"சொன்னேன், ரினா. சொன்னேன். இப்ப..." நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"ஐயோ மானாங், அழாதீங்க. எடுத்தாச்சு. நீங்க கதவைத் திறக்கும்போதே என்னமோ தப்புன்னு தெரிஞ்சுபோச்சு, நீங்க நம்பரைச் சொன்னதுமே படத்தை எடுத்துட்டேன். நேரலைப் பட்டியல்லயும் இல்ல. வாசிக்கிற தாளை இப்பதான் அச்சடிக்கணும். சும்மா ரெண்டு நிமிஷம் உங்களைக் காய்ச்சலாம்னு ஒரு ஆசை, அவ்வளவுதான்."

அவளை அறைவதா கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டேன், "நேத்து தட்டும்போது நீ படிச்சியா?"

"படிக்காம எப்படித் தட்டறது? வியாதிப் பேரைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்னேன். இதைப் போடலாமான்னு. அப்புறம் அனுப்பினது யாருன்னு பார்த்தேன். மின்யா மானாங். அவங்க அனுப்பினா அந்தம்மாவைக் கேட்டுத்தான் அனுப்பியிருப்பாங்கன்னு போட்டுட்டேன்."

திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இருபத்துமூன்று வருடமாகச் சேர்த்த நல்ல பெயர், அதை வைத்தே மானாங் சியாங்கைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

"அந்தக் கூடுதல் விவரக் கட்டத்தையே இன்னைக்குத் தூக்கிடறேன், மானாங். யாருக்கு வேணும் அது?" என்றாள் ரினா.

"ஜெர்லின் கும்பிட்டிருக்காளே, ரினா."

"அவளா? நாளைக்கு ஊர்ல தண்ணி வராதுன்னு ஒரு அறிவிப்பு போட்டோம். அதுக்கும் கும்பிட்டா. எதையும் படிக்க மாட்டா, கும்பிட்டுட்டுப் போயிட்டே இருப்பா."

"மத்தவங்க?"

ரினா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மானாங், இனிமே அது எங்கயும் இல்ல. நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்க போய் பூசையில உக்காருங்க. அந்தம்மாகிட்ட நீங்களா போய்ச் சொல்லி வம்பை விலைக்கு வாங்காதீங்க. வேலைக்கே வேட்டு வச்சுடுவாங்க."

பொய் சொல்ல மாட்டேன், உட்கார்ந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. கோயில் பத்தடி தூரம். பாட்டுக் குழு சுருதி பார்த்துக்கொண்டிருந்தது. பேசாமல் போய் முழங்கால் போட்டால் முடிந்தது கதை. ஆனால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அது அங்கே இருந்திருக்கிறது. யார் யார் பார்த்தார்கள், யார் யாருக்கு அனுப்பினார்கள், யாருக்குத் தெரியும்? பதினான்கு பேரில் ஒருத்தி பூங்காவில் வாயைத் திறந்தால் போதும். ரோஸ்வின் மறுபடியும் அத்தனை பேர் நடுவில் நின்றபடி கத்துவாள். அதைத் தடுக்க முடிந்த ஒரே ஆள் மானாங் சியாங். அவருக்கு விஷயமே தெரியாது. தெரியாமல் வைத்திருந்தால் நான் என்ன நர்ஸ்?

வேலையைப் பற்றிக் கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலை நானே எல்லாவற்றையும் எழுதி, எங்கள் மருத்துவமனையில் தகவல் பாதுகாப்பைப் பார்க்கும் அதிகாரியிடம் கொடுத்தேன். என் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து தூங்குகிற மனுஷன் அவர். அன்று தூங்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வகுப்பு நடத்தும் பொறுப்பும் போயிற்று. போகட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அதெல்லாம் பெரிதாக இல்லை. பெரிதாக இருந்தது ஏழரை மணி மட்டும்தான்.

சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழு அடித்து ஐந்து நிமிடம். கடை நிறைந்திருந்தது. மானாங் சியாங் அண்டாவின் முன்னால் ஆவிக்குள் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன இன்டாய், பூசைக்குப் போட்ட சட்டையோட பட்சோயா? சாறு தெறிச்சா என்னைச் சொல்லாத."

"மானாங், ஒரு நிமிஷம் பின்னாடி வாங்க."

"எட்டுக் கிண்ணம் காத்திருக்கு. இங்கேயே சொல்லேன்."

"இங்க சொல்ல முடியாது."

அவ்வளவுதான். எட்டுக் கிண்ணங்களுக்கு மேலிருந்த எட்டுத் தலைகளும் நிமிர்ந்தன. ஓரத்தில் உட்கார்ந்திருந்த மீன் கடை அண்ணன் நோங் அம்போ கரண்டியை வாய்க்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார். அடிப்பாவி, இன்னும் ஒரு வார்த்தை பேசினால் இங்கேயும் அதே வேலையைத்தான் செய்வாய் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். மானாங் சியாங் என் முகத்தைப் பார்த்தார். அடுப்பைத் தணித்துவிட்டு, சாக்குத் திரையை விலக்கிப் பின்னால் வந்தார்.

வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

"மானாங், உங்க பேரைப் பூசைக் கருத்துக்குக் கொடுத்தேன், நலம் வேண்டி. வியாதிப் பேரையும் எழுதிட்டேன். நேத்து சாயங்காலத்துலேர்ந்து பங்குப் பக்கத்துல இருந்திருக்கு. இப்ப எடுத்தாச்சு, பூசையில வராது. ஆனா பதினாலு பேராவது பார்த்திருக்காங்க. ரோஸ்வின் பார்த்தாளான்னு தெரியல. மன்னிச்சிருங்க."

அவர் முகத்தில் ரத்தம் ஏறியது.

"யாருக்காக வேண்டிக்கிட்டே?"

"உங்களுக்காக."

"எனக்காகன்னா என்கிட்ட கேட்டியா?"

"இல்ல, மானாங்."

"மனசுக்குள்ள வேண்டிக்க வேண்டியதுதானேடி! கடவுளுக்கு என்ன காது மந்தமா? நெட்ல போட்டாத்தான் அவருக்குத் தெரியுமா? ரெண்டே ரெண்டு பேருக்குத் தெரிஞ்சுது. அந்த டாக்டர் ஆம்பளை, வாயை மூடிக்கிட்டிருக்கார். ஊரையே மிரட்டற நர்ஸு, நீ ஓட்டை வாயி! சத்தியம் பண்ணினியே, அந்த வாய் எங்க போச்சு? சொல்லு, எங்க போச்சு?"

இன்னும் சொன்னார். என் படிப்பைப் பற்றி, என் கொண்டையைப் பற்றி, என்னைப் பெற்றவளைப் பற்றி. எல்லாவற்றையும் தணிந்த குரலில், திரைக்கு வெளியே கேட்காதபடி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கத்த முடியாமல் திட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் பார்த்தேன். அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை, என் அம்மாவைப் பற்றிச் சொன்னதைத் தவிர.

கடைசியில் மூச்சு வாங்கி ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தார். ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பாடா!" என்றார்.

நான் பயந்துபோய்ப் பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமையிலேர்ந்து யாரையாவது நல்லா நாலு திட்டு திட்டணும்னு இருந்துச்சு, இன்டாய். கடவுளைத் திட்டப் பயம். டாக்டர் பாவம். நல்ல வேளை, நீ வந்து மாட்டினே."

அந்த நிமிடம் அவருடைய ஏப்ரன் பையில் ஃபோன் அடித்தது. திரையில் ரோஸ்வின் பெயர்.

"பார்த்துட்டாளோ?" மானாங் சியாங்கின் குரல் உடைந்துவிட்டது.

"தெரியலையே, மானாங்."

அவர் சிலுவை போட்டுக்கொண்டு ஃபோனைத் தொட்டார். முதலில் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் ரோஸ்வினின் முகம், அதன் பக்கத்தில் ஜெர்லினின் பாதி முகம், பின்னால் மரங்கள். அம்மாவை அவள் நேய் என்றுதான் கூப்பிடுவாள்.

"நேய்! பூசை இன்னும் ஆரம்பிக்கல. சாமி முகத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி உங்க முகத்தைப் பார்க்கலாம்னு கூப்பிட்டேன். என்ன நேய், கண்ணு சிவந்திருக்கு? வெங்காயமா?"

தெரியவில்லை. அவளுக்குத் தெரியவில்லை! ஜெர்லின் பெண்ணே, எதையும் படிக்காத உன் கண் வாழ்க என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், மனதுக்குள் மட்டும்.

மானாங் சியாங் ஆமாம் வெங்காயம்தான் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவருடைய வாய் அதற்காகக் குவிந்ததைக்கூடப் பார்த்தேன். ஆனால் அவர் தலையை ஆட்டினார்.

"வெங்காயம் இல்லம்மா. ரோஸ்வின், நீ அவங்களை விட்டு எழுந்து தள்ளி வா. தனியா ஒரு இடமாப் பார்த்து உக்காரு. நின்னுக்கிட்டு கேக்காத. உக்காந்துட்டியா?" அப்புறம் என்னிடம், "கடையைப் பார்த்துக்க" என்றார்.

வெளியே வந்தேன். சாக்குத் திரை என்ன பெரிய சுவரா? இருமினால் கேட்கும். எட்டுத் தலைகளும் திரைப் பக்கம் திரும்பியிருந்தன. உள்ளே மானாங் சியாங்கின் குரல் ஆரம்பித்ததும் கரண்டிகள் எல்லாம் நின்றன. பூசையில்கூட இவ்வளவு அமைதியாக இருக்க மாட்டார்கள் பாவிகள்.

அண்டாவின் விளிம்பில் கரண்டியால் டணார் என்று அடித்தேன்.

"யாருக்குடா ஈரல்? யாருக்கு ஈரல் வேண்டாம்? கையைத் தூக்கிச் சொல்லுங்க!"

கையைத் தூக்கினார்கள். எண்ணினேன், உரக்க எண்ணினேன். மறந்துவிட்டது என்று மறுபடியும் எண்ணினேன். ரேடியோவைத் திருகினேன், அது கரகரவென்று மீன் விலை சொன்னது. அதுவும் போதாது என்று தோன்றியது. பொரித்த தோல் இருந்த பெரிய டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு கிண்ணத்திலும் அள்ளி அள்ளிக் கொட்டினேன். அதைக் கடித்தால் அவரவர் காதில் அவரவர் பல் சத்தம்தான் கேட்கும். கடை முழுக்க நறநறவென்று ஒரே சத்தம். ஓசியில் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

நோங் அம்போ மட்டும் விடவில்லை. வாய் நிறையத் தோலோடு கேட்டார். "சியாங் அழுவுற மாதிரி இருக்கே?"

"சாப்பிடுங்க, நோங்."

"உனக்குத் தெரியாம இருக்குமா? நீ நர்ஸாச்சே. என்ன விஷயம், என்கிட்ட மட்டும் சொல்லு."

"இன்னைக்கு நான் பட்சோய்க்காரி. சாறு இன்னும் ஊத்தவா, இல்ல உங்க தலையில ஊத்தவா?"

"ஏ அப்பா, கோபமும் ஜாஸ்தி, உப்பும் ஜாஸ்தி" என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் தன் ஃபோனை எடுத்துச் சோயா சாஸ் பாட்டிலில் சாய்த்து வைத்தார். பூசை ஆரம்பித்திருந்தது. நலம் வேண்டி என்று வாசிக்கிறவர் ஆரம்பித்தார். நான் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஒவ்வொரு பெயராக வந்தது, போனது. கடைசியில், "இன்னும் பெயர் சொல்லப்படாத எல்லோருக்காகவும்" என்று முடித்தார். அது நான் அனுப்பியதில் இல்லாத வரி. ரினா எழுதிச் சேர்த்திருக்க வேண்டும். நூறு வருடம் நன்றாக இரு பெண்ணே என்று அவளை நினைத்துக்கொண்டேன்.

மானாங் சியாங் வெளியே வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. கண் வீங்கியிருந்தது, மூக்கு சிவந்திருந்தது. ஆனால் தோள் இரண்டும் தாழ்ந்து, வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இருந்த ஆள் திரும்பி வந்தது போல இருந்தார். என் பக்கத்தில் வந்து நின்று, அண்டாவைப் பார்த்தபடியே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"சொல்லிட்டேன். அவ எதையும் பார்க்கல, இன்டாய். என் வாயாலதான் கேட்டா. உக்காந்து கேட்டா."

எனக்கு மூச்சு வந்தது. காலையிலிருந்து விடாமல் பிடித்து வைத்திருந்த மூச்சு அது. அவள் என்ன சொன்னாள், வருகிறாளா, எப்போது வருகிறாள் என்று நூறு கேள்வி வாய் வரை வந்தன. ஒன்றையும் கேட்கவில்லை. கிண்ணத்தைக் கழுவினேன்.

"அவ என்ன சொன்னான்னு கேக்க மாட்டியா?"

"மாட்டேன், மானாங்."

"ம்." என் கையிலிருந்து கரண்டியை வாங்கினார். சாற்றை ருசி பார்த்து முகத்தைச் சுளித்தார். ஒரு செம்பு தண்ணீர் விட்டுக் கலக்கினார். அப்புறம் சொன்னார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். டாக்டர் சொன்னப்ப நான் தனியா இருந்தேனான்னு கேட்டு அழுதா. அதுதான் அவளுக்குத் தாங்கல. இல்லம்மா, மின்யா இருந்தா, என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்னு சொன்னேன். உனக்கு ரொம்ப நன்றி சொல்லச் சொன்னா."

"நன்றியா? மானாங், நான் செஞ்சதையும்..."

"அதைச் சொல்லல." அவர் குரலை இன்னும் தாழ்த்தினார். "அது உன் விஷயம். அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான், அந்த இடத்திலேயே, அத்தனை பேர் நடுவிலும், பூசைச் சட்டையோடு நான் ஓவென்று அழுதுவிட்டேன். நோங் அம்போ கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"இப்ப இவளுக்கு என்னவாம், சியாங்?"

"எனக்கென்ன தெரியும்?" என்றார் மானாங் சியாங். "சாப்பிடுங்க, நோங். ஆறிடப் போகுது."